இனி வரத் தேவையில்லை

தையற்காரரின் மனைவி நீட்டிய கடிதத்தை விரித்துவைக்க, மேசைமேல் குவிந்திருந்த பிரிக்காத தபால் உறைகளை முழங்கையால் ஒதுக்கினார் தெருமுனை டாக்டர்.

"பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் முன்னாடி கொடுத்தாங்க. இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்?"

'சிகிச்சை முடிந்தது. இனி இங்கு வரத் தேவையில்லை. குடும்ப மருத்துவரைப் பார்க்கவும்.'

"நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

"கையை விரிச்சுட்டாங்கன்னுதான். அவரும் அப்படித்தான் நினைச்சார்."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட, நீங்க ஒண்ணு! கேன்சர் அடியோட போயிடுச்சும்மா. அதான் வர வேண்டாங்கறாங்க. இனி பிரஷரைக் கட்டுக்குள்ள வச்சாப் போதும். அவர் என் பொறுப்பு."

அவள் சிரிக்கவில்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"சாகப் போறவனுக்கு பிரஷர் மாத்திரை எதுக்குன்னு அன்னைக்கே குப்பையில கொட்டிட்டார்."

"ஐயையோ! என்ன விளையாட்டு இது? உடனே கூட்டிட்டு வாங்க."

"போன வாரம் தையல் மிஷின்மேலயே சாஞ்சுட்டார் டாக்டர். தூக்கிட்டு ஓடினோம், உயிர் இல்ல. கேன்சர் இல்ல, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னாங்க. அதான் இதைக் கேக்க வந்தேன்."

டாக்டர் முழங்கையை உறைகளின் மேல் ஊன்றிக்கொண்டார்.

அவள் கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"விளக்கமா எழுதி உங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கறதா போட்டிருக்கே. வரலையா டாக்டர்?"

டாக்டர் முழங்கையை அந்த உறைகளின் மேலிருந்து எடுக்கவில்லை.