மணியாச்சிக்குப் போன பத்தாம் நம்பர்

“பத்தாம் நம்பரை விட்டுட்டு இனி யாரை வச்சுலே கோல் அடிக்கப் போறிய?” என்று தங்கப்பாண்டியன் டீ கிளாஸை பெஞ்சில் ஓங்கி வைத்தான்.

“சண்டை போடுங்கப்பா, வேண்டாங்கல. பெஞ்ச ஒடைச்சிராதிய” என்றார் கடைக்காரர் பத்திரகாளி அண்ணாச்சி.

காலையிலிருந்து இதே பஞ்சாயத்துதான். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிச் சீமையில் கால்பந்துக்காக உயிரை விடுகிற நாலு பேர் உண்டென்றால், அது கரிசல் எஃப்.சி. ரசிகர்கள். கோடை வந்தால் எவன் எந்த டீமுக்குத் தாவுகிறான் என்று பேசியே பொழுதை ஓட்டிவிடுவார்கள்.

இந்தக் கோடையில் போனவன் சாதாரண ஆள் இல்லை, சுடலைராஜ். மணியாச்சி டீமுக்குப் போய்விட்டான் என்று கிளப் செயலாளர் செல்வகணேஷ் காலையில் குரூப்பில் போட்டிருந்தான். மணியாச்சி ஸ்டேஷன் பெஞ்சுக்கு முன்னால் நின்று, புதுச் சிவப்பு ஜெர்சியை விரித்துப் பிடித்தபடி சுடலைராஜ் சிரிக்கிற படம். படம் இல்லாத டிரான்ஸ்பரை இவர்களில் எவன் நம்புவான்?

அத்தனையும் பொய்.

ஜெர்சி, செல்வகணேஷ் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தது. படத்தை எடுத்தவள் தீபலட்சுமி. அவளும் சுடலைராஜும் சாயங்கால ரயிலில் மலையாளக் கரைப் பக்கம் போய்விடுவார்கள். கோவில்பட்டியில் ஏறினால் தெரிந்த முகம் நூறு இருக்கும். மணியாச்சியில் யார் கண்ணில் சுடலைராஜ் பட்டாலும், டீம் மாறி வந்திருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். செல்வகணேஷின் மூளை அப்படி.

தீபலட்சுமியின் அண்ணன் கண்ணபிரான் இதோ, டீக்கடையில் செல்வகணேஷுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

சுடலைராஜ் கோல் போட்டால் முதலில் ஓடிப்போய்த் தோளில் தூக்குகிறவன் கண்ணபிரான்தான். ஆனால் சுடலைராஜின் தெரு வேறு. பந்து எல்லாத் தெருவுக்கும் போய்வரும். பெண் போனால் பின்னாலேயே அரிவாளும் போகும்.

ஆகவே ரயில் புறப்படுகிறவரை இந்த வாக்குவாதம் ஓயக் கூடாது. கண்ணபிரான் எழுந்து வீட்டுக்குப் போனால், பரீட்சைக்கென்று போன தங்கச்சி எங்கே என்று கேட்பான்.

நல்லவேளை, கண்ணபிரானுக்கு இன்று எழும்புகிற எண்ணமே இல்லை. பேச்சு அடங்கும்போதெல்லாம் அவனே கிளறிவிட்டான். பதிலுக்கு நாகலாபுரத்துப் பையனை எடுக்கலாமா என்றான். கோல்கீப்பரை முன்னால் ஆடவிட்டால் என்ன என்றான். அதிலேயே மத்தியானம் கழிந்தது.

இன்னொரு சுற்று டீ சொன்னான். தன் போனில் சார்ஜ் இல்லை என்று செல்வகணேஷின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய ஆட்டங்களை ஓட்டிக் காட்டினான். செல்வகணேஷ் மனதுக்குள் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டான்.

தங்கப்பாண்டியன் சும்மா இருந்தானா? டிரான்ஸ்பர் படம் என்றால் இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கி, மூலை முடுக்கெல்லாம் துப்புத் துலக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போனைப் பிடுங்கி, படத்தை இழுத்தான்.

“ஏலே, பெஞ்சுக்கு அடியில பாருங்கல! நம்ம கிளப் பையையும்லா தூக்கிட்டுப் போயிருக்கான்!”

செல்வகணேஷ் எட்டிப் பார்த்தான். நீலப் பை. அறுந்த ஜிப்பில் கட்டிய சின்ன வெண்கல மணி.

அது கண்ணபிரான் வீட்டுக் கிடையில் ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற மணி. பொங்கல் போட்டியில் கிளப் கொடுத்த பையைத் தங்கச்சிக்குக் கொடுத்தபோது, அவனே ஜிப்பில் கட்டிக் கொடுத்தான். தீபலட்சுமி காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த மணிச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

படத்தை குரூப்பில் போடுகிற அவசரத்தில் செல்வகணேஷ் முகத்தைப் பார்த்தான், ஜெர்சியைப் பார்த்தான். பெஞ்சுக்கு அடியில் பார்க்கவில்லை. பாவி, பார்க்கவில்லை!

கண்ணபிரான் போனை வாங்கினான். படத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“விடுல. நமக்காக இத்தன வருசம் ஓடுனவன். ஒரு பையக் கொண்டு போனா என்ன கொறஞ்சிரும்?”

சொல்லிவிட்டுப் போனைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

செல்வகணேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்டுபிடிக்கவில்லை. கட்டிய கைக்கே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு மண்டு அண்ணன் வாய்த்தது தீபலட்சுமியின் அதிர்ஷ்டம்தான்.

வெயில் சாய்ந்தது. ஊருக்கு மேற்கே ரயில் ஒன்று கூவிக்கொண்டு தெற்கே போனது. அந்த ரயில்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மணியாச்சி.

ஏறிவிடுவார்கள். செல்வகணேஷ் அன்றைக்கு முதல்முறையாக டீயை ருசித்துக் குடித்தான்.

பைக் ஒன்று வந்து கடை முன்னால் நின்றது. கண்ணபிரானின் சித்தப்பா இறங்கினார். மழை முகமே காணாத கோடையில், எங்கேயோ அலசிக் கட்டிய வேட்டி அவர் காலோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணபிரானைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

கண்ணபிரான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, செல்வகணேஷின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

“காலையில நீ போட்ட ஒடனேயே பெரிசாக்கிப் பாத்துட்டேன் மாப்ள. நீ அங்கன ஒரு போன் போட்டுரக் கூடாதுல்லா. அதான் இத்தன டீ.”

தங்கப்பாண்டியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சித்தப்பா தோளில் கிடந்ததை இறக்கி பெஞ்சின் மேல் வைத்தார். மணி ஒருதரம் கிணுங்கி நின்றது.

பை மட்டும்தான் வந்திருந்தது.