ஏணிப் பந்தயம்

"அப்பா, ஒரு நிமிஷம். ஷூ லேஸ் அவுந்துருச்சு."

மறுபடியுமா! ஏரிக்குப் போகிற மேட்டுப்பாதையில் இன்னும் பாதிகூட ஏறவில்லை.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. நின்றது என் மகன்தான், நான் இல்லை.

பந்தயம் இதுதான். ஏரிக்கரைப் பூங்கா வரை நடந்துபோய், திரும்பி வண்டி நிறுத்திய இடத்துக்கு வர வேண்டும். வழியில் எங்கேயும் நானாக நிற்கக் கூடாது; வேறு யாராவது நின்றால் அவர்களுக்காக நிற்கலாம். அப்படி வந்துவிட்டால் நாளை முதல் ஏணி என்னுடையது. நின்றுவிட்டால் மகனுடையது. நான் ஆயுசுக்கும் கீழே உட்கார்ந்து அவனுக்கு பெயின்ட் கலக்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

பந்தயம் கட்டியவள் என் மனைவி. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்ட பிறகு, ஏணி ஏறலாமா என்று டாக்டரைக் கேட்டேன். முதலில் நன்றாக நடங்கள், பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டார். இவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

ஏணி ஏறாதவனை யார் பெயின்டர் என்பார்கள்? இப்போதெல்லாம் வேலைக்குப் போகிற வீட்டில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

மகன் ஒரு கல்லுக்குப் பின்னால் குனிந்திருந்தான். நான் மரத்தில் சாய்ந்துகொண்டேன். சும்மா, அவனுக்காகத்தான். மூச்சு கொஞ்சம் வாங்கியது. மேடு என்றால் யாருக்கும்தான் வாங்கும்.

"ஸ்டைலா ஷூ கேக்குதோ? என்னைப் பாரு" என்று ரப்பர் செருப்புக் காலைத் தூக்கிக் காட்டினேன்.

எங்கள் வீட்டில் எங்கே போனாலும் நான்தான் முன்னால். தலையை நிமிர்த்தித்தான் நடப்பேன். ஏணியில் நிற்கிறவன் கீழே பார்க்கக் கூடாது. அந்தப் பழக்கம் தரையிலும் போகவில்லை. அதனால் மிதிக்கக் கூடாததையெல்லாம் மிதித்திருக்கிறேன்.

அடுத்த வளைவில் மனைவி நின்றாள். வீட்டு ஜன்னலில் குருவி வந்து உட்கார்ந்தால் சூ சூ என்று விரட்டுகிறவள், இங்கே ஒரு குருவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்து சின்ன மகளுக்குத் தாகம். பாட்டில் மூடியைத் திறக்கவே ஒரு யுகம் ஆக்கினாள். பிறகு மறுபடியும் லேஸ்.

இந்தக் கூட்டத்தை நம்பிப் போருக்குப் போனால், எதிரிதான் வந்து தட்டி எழுப்ப வேண்டும்.

வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தேன். பூங்காவில் சறுக்குமரத்துக்கு யாரோ துருவைச் சுரண்டாமலே பெயின்ட் அடித்திருந்தான். பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. நாளைக்கு நான் ஏணியில் ஏறியதும் வேலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்று நினைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் இரண்டும் தண்ணீரில் இறங்கி ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். மகன் கழற்றிப் போட்ட ஷூ என் பக்கத்தில் கிடந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று எடுத்து நகர்த்தினேன்.

பட்டையை இழுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற வகை. லேஸ் கோக்க ஓர் ஓட்டைகூட இல்லை.

மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

எனக்கு மூச்சு வாங்கிய இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் அவன் குனிந்திருக்கிறான். பேசாமல் இருந்திருந்தால் ஏணி அவனுக்கு வந்திருக்கும். பந்தயம் கட்டியவளே குருவி பார்த்திருக்கிறாள். நான் தோற்றுப்போகிற முகத்தைப் பார்க்க இவர்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

பாவிப் பயல்.

ஷூவை இருந்தபடியே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழி முழுக்க இறக்கம். எனக்கு மூச்சும் வாங்கவில்லை, அவனுக்கு லேஸும் அவிழவில்லை. எங்கள் வண்டி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஏணி கிட்டத்தட்ட என் கையில்.

நான் நின்றேன். பாதை நடுவில் குனிந்தேன்.

"என்னப்பா, என்ன செய்யுது?" மகன் பதறி ஓடி வந்தான்.

"ஒண்ணுமில்லடா. லேஸ் அவுந்துருச்சு."

மூன்று பேரும் என் ரப்பர் செருப்பைப் பார்த்தார்கள். சின்னவள்தான் முதலில் சிரித்தாள். மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே குருவி எதுவும் இல்லை.

மகன் சிரிக்கவில்லை. என் முன்னால் மண்டியிட்டு, இல்லாத லேஸை இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டான்.