வருகைப் பதிவேட்டில் கத்தரி

பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் கேட்டு நான்கு வருடம் போராடிய ஜெசிந்தாவுக்கு ஒருவழியாக அரசாணை கிடைத்தது. வளாகத்துக்குள் மாணவரைத் தவிர வேறு உயிர் எதுவும் வளரக் கூடாது என்பது விதி. விதியை மாற்ற மனமில்லாத மேலிடம், செடியையே மாணவராகச் சேர்த்துக்கொள்ளப் பெருந்தன்மையோடு சம்மதித்தது. திறப்பு விழாவில் ஏழு பேர் பேசினார்கள். முதல் கத்தரிச் செடிக்குச் சால்வை போர்த்தினார்கள். பாரம் தாங்காமல் அது சாய்ந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் ஜெசிந்தாவை வரவழைத்து ஒரு காகிதத்தை நீட்டினார். அவள் மகள் டெல்சியின் டி.சி.

"என்ன சார் இது? எம்புள்ள என்ன தப்பு செஞ்சா?"

"தப்பெல்லாம் இல்லம்மா. வகுப்புக்கு நாப்பது பேர்தான். கத்தரியோட நாப்பத்தொண்ணு ஆயிடுச்சு. வருகை கம்மியா இருக்கிற பேர கம்ப்யூட்டரே எடுத்துடும். டெல்சி இருபத்திரெண்டு நாள் வரல."

"எங்கூட உண்ணாவிரதத்துல உக்காந்திருந்தா சார்! இந்தத் தோட்டத்துக்காகத்தான!"

"தெரியும்மா. நேத்து மேடையில அதச் சொன்னப்ப நானும்தான் கைதட்டினேன்."

"அந்தச் செடி நேத்துதான சேந்துச்சு?"

"சேந்ததுலேருந்து நூறு சதவீதம்மா."

ஜெசிந்தா தோட்டத்துக்கு ஓடிச் செடியைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயையோ, மாணவர் மேல கை வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார் தலைமையாசிரியர்.

அவள் திடுக்கிட்டு விட்டுவிட்டாள். ஒரு கையில் மகளின் டி.சி. இருந்தது. மறு கையில் கிழிந்த இலையைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"யாராவது சீக்கிரம் ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!"