நடுவில் ஒரு வருஷம்

ஓய்வுபெற்ற சர்வேயர், பைபிளில் தானியேல் தீர்க்கதரிசி சொன்ன நாட்களை வருஷங்களாக்கிக் கூட்டி முடித்தார்.

"அடுத்த மாசம் கர்த்தர் வந்துடுவார். செத்தவங்க எல்லாரும் எழுந்துடுவாங்க."

"அந்த நாள் யாருக்கும் தெரியாதுன்னு அவரே சொல்லியிருக்காரே?" என்றாள் மனைவி.

"நாள்தான் தெரியாதுன்னார். மாசம் தெரியாதுன்னு சொன்னாரா?"

"ஒரு நாளை ஒரு வருஷமாக்கச் சொன்னது யாரு?"

"எசேக்கியேல் புஸ்தகத்துல இருக்குடி."

"அடுத்த வீட்டு அளவை வச்சு நம்ம வீட்டுக்குப் பத்திரம் எழுதுவீங்களா?"

"உனக்கு விசுவாசமே கிடையாது. சபைக்கு வர்றதெல்லாம் வேஷம்."

அந்தக் கணக்கு எங்கேயாவது தப்பாக இருந்தாக வேண்டும் அவளுக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வரி வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கி.மு. ஒண்ணுக்கும் கி.பி. ஒண்ணுக்கும் நடுவுல பூஜ்யம்னு ஒரு வருஷத்தைச் சேர்த்திருக்கீங்க. அப்படி ஒரு வருஷமே கிடையாதே."

அவர் காகிதத்தைப் பிடுங்கி மறுபடி எண்ணிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"ஆமா. ஒரு வருஷம் தள்ளிப்போகுது."

எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த முதல் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோ, தங்கம்."

அந்தக் குரலில் அவர் இவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

செத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்பதில் இவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. வந்தபிறகு, தான் எங்கே போய் இருப்பது என்றுதான் தெரியவில்லை. அதை யோசிக்க ஒரு வருஷம் கிடைத்திருந்தது.