மிதக்கும் சோபா

“இந்த சோபா தரையில நிக்கலைம்மா. மிதக்குது.”

கேம் கம்பெனியின் தலைமை ஆர்ட்டிஸ்ட், வேலை கேட்டு வந்த பெண் அனுப்பியிருந்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். விளையாட்டுக்குள் வரும் வீடுகளை நிஜம்போலக் கம்ப்யூட்டரில் கட்டித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆபீசில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவரிடம் யார் பருப்பும் வேகாது.

வீடியோ காலில் எதிரே இருந்த அவள், படத்தைக் கண்டதுமே பேயறைந்தவள் போலானாள்.

“சார், ஒரு நிமிஷம், அந்தப் படம் வந்து...”

“நான் முடிச்சுடறேன். சுவத்துல வெளிச்சம் விழுற லட்சணத்தைப் பாருங்க. எந்த ஊர்ல வெயில் இப்படி அடிக்கும்? சோபாத் துணி அசல் பிளாஸ்டிக். இதுல மனுஷன் உட்கார முடியுமா?”

“இந்த வேலையும் கிடைக்கலைன்னா இதையெல்லாம் மூட்டை கட்டிடறேன்னு வீட்ல வாக்கு குடுத்திருக்கேன் சார். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.”

பூதக்கண்ணாடிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து ஆள் எடுத்தால் நாளைக்கு அவர் தலைதான் உருளும்.

“கோவிச்சுக்காதீங்க. கண்ணு முன்னாடி இருக்கறதையே நீங்க பார்க்கலை. உங்களுக்குப் பின்னாடி இருக்கற ரூமையே எடுத்துக்குங்க. நாற்காலி இடிச்சு இடிச்சு சுவர் காரை பேர்ந்திருக்கு. அலமாரிக் கதவு ஒரு பக்கமா தொங்குது. ஜன்னல் திரை ஆடுறப்ப தரையில நிழலும் கூடவே ஆடுது. நாலு பேர் புழங்கின ரூம் அது. அதுல பத்துல ஒரு பங்கு செஞ்சு காட்டியிருந்தா, இப்பவே வேலை குடுத்திருப்பேன்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்தாள்.

“நிஜமாவா சார்?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

“பதட்டத்துல படத்தை மாத்தி அனுப்பிட்டேன் சார். நிழல் எப்படி விழுதுன்னு பார்த்துக்கறதுக்காக எங்க ஹால்ல எடுத்த போட்டோ அது.”

“அப்போ நீங்க செஞ்சது?”

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். ஜன்னல், அலமாரி, காரை பேர்ந்த சுவர் எல்லாம் மறைந்து, அவள் முதுகுக்குப் பின்னால் வெறும் பச்சைத் துணி தொங்கியது. அதையும் அவள் ஒதுக்க, அந்த மிதக்கிற சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார் அவளுடைய மாமியார்.