அந்த விசில் யாருடையது

"அந்த விசில் யாரோடது?" என்று கேட்டார் மர்ரே.

நடுவர்கள் அறையில் அவரோடு நானும் டெவினும் மட்டும் இருந்தோம். கோட்டு நடுவர்கள் இருவரும் குளிக்கப் போயிருந்தார்கள்.

டெவின் குனிந்து ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு விழுந்துவிட்டது போல.

ஐஸ் ஹாக்கியின் பெரிய லீக்குக்கு நடுவர் பொறுக்க வந்தவர் மர்ரே. இந்தப் பருவத்தில் ஒரே ஓர் இடம். பட்டியலில் மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர். டெவினுக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்பது. நாற்பதைத் தொட்டவனை எவனும் மேலே எடுப்பதில்லை. வாரமெல்லாம் பள்ளி பஸ் ஓட்டி, வார இறுதியில் பனித்தளத்தில் திட்டு வாங்கியே கிழவனாக வேண்டியதுதான்.

இன்று ஆட்டம் சமநிலையில் இருந்தது. முடிய இரண்டு நிமிடம். வலைக்குப் பக்கத்தில் டெவின் நின்றான், அதுவும் தப்பான பக்கத்தில். கோல்கீப்பரின் காலடியில் கிடந்த வட்டு அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லை. பாதித் தளம் தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது.

உள்ளூர் அணிக்காரன் ஒருவன் அதை வலைக்குள் தள்ளினான். அதற்கு அப்புறம்தான் டெவின் ஊதினான்.

வட்டு கண்ணில் படாவிட்டால் நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதில் எங்கள் விதி கொஞ்சம் விசித்திரமானது. நடுவர் ஊத நினைத்த நொடியிலேயே ஆட்டம் நின்றதாகக் கணக்கு. நினைத்தானா இல்லையா என்பது எந்தக் கேமராவிலும் விழாது.

டெவின் வெளிறிப்போய் என்னிடம் வழுக்கி வந்தான்.

"ஊதணும்னு நினைச்சுட்டேன் வெண்டல்... நினைச்சுட்டேன்னுதான் நினைக்கிறேன்."

மூத்தவன் நான். இரண்டு கைகளையும் விரித்து, கோல் இல்லை என்று காட்டினேன். உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் போய் விளக்கியதும் நான்தான்.

"பஸ்ஸையும் இப்படிக் கண்ண மூடிட்டுத்தான் ஓட்டுறியா? என் பொண்ணு அதுலதான்டா வர்றா," என்றார் அவர்.

உள்ளூர் அணி தோற்றது. மேல் வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்த மர்ரேவுக்குத் தெரிந்ததெல்லாம் என் கைகள்தான்.

கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதில்லை. கோடு போட்ட சட்டை மாட்டும் நடுவர்களுக்குள் அது எழுதாத சட்டம். ஊதியவன்தான் வாயைத் திறக்க வேண்டும்.

காத்திருந்தேன். டெவின் இன்னும் அதே காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, கைய விரிச்சது நீதானே. உன் பேர்லயே போட்டுக்கறேன்," என்றார் மர்ரே. எழுதி முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

டெவின் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வந்தான்.

"குளிச்சுட்டு வீட்டுக்குப் போ," என்றேன்.

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த யோக்கியதை எனக்கில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால், பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊரில், இதே மாதிரி ஓர் அறை. இதே கேள்வி. கைகளை விரித்தவர் அன்றைய என் மூத்த கூட்டாளி லைல். ஊதியது நான். அந்த வாரமே என்னை இந்த லீக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். லைலை அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அன்று நானும் ஸ்கேட் கயிற்றை வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதில் முடிச்சு எதுவும் விழுந்திருக்கவில்லை.