நகம் வெட்டுகிறவள்

"கையைக் கொடுங்க அத்தை" என்று கேட்டால் என் மாமியார் கொடுக்கமாட்டாள். விரல்களை இறுக மூடிக்கொள்வாள். நான் நகவெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சும்மா இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை தானாக வந்து என் முழங்காலில் உட்காரும்.

அன்றும் வந்தது. கட்டைவிரலில் ஆரம்பித்தேன்.

இந்த முதியோர் இல்லத்தின் காவலாளி என்னைப் பார்த்ததும் "மருமகளா, போங்க" என்று விட்டுவிடுவார். நான் திருத்துவதில்லை. முன்னாள் தலைவர் உண்டு, முன்னாள் செயலாளர் உண்டு, முன்னாள் மருமகள் என்று ஓர் உறவு உலகத்தில் கிடையாது. விவாகரத்தாகிப் பத்து வருடமான ஒருத்தி மாமியாருக்கு நகம் வெட்ட வருகிறாள் என்று தெரிந்தால், எனக்கும் உள்ளே ஒரு கட்டில் போட்டுவிடுவார்கள்.

பல் டாக்டர்களின் நாற்காலிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஏறாத நாற்காலி, இறங்காத நாற்காலி, பாதியில் நின்று நோயாளியோடு அடம்பிடிக்கிற நாற்காலி என்று ஊர் ஊராகப் போய்ச் சரிசெய்வேன். இந்த ஊரில் ரயில் மாற வேண்டி வந்தால், அடுத்த வண்டி வரும்வரை இங்கேதான். கட்டிலுக்கு அடியில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் என் ஸ்பானர் பை கிடக்கும்.

பாசமா என்று கேட்டால், மண்ணாங்கட்டி.

அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு உண்மை வர வேண்டும். அதற்காக வருகிறேன்.

என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது தோளில் வெந்நீர் கொட்டியது. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடிவந்து குழந்தையை வாரித் தூக்கினேன். நான் தூக்கிக்கொண்டு நின்றதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கோபத்தில் இவள்தான் ஊற்றிவிட்டாள் என்றாள் மாமியார். வீட்டில் சொன்னாள், கோர்ட்டில் அழுதுகொண்டே சொன்னாள். வேண்டாத மருமகள் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம். எனக்குப் பிள்ளையைத் தூக்கியதே குற்றம்.

புருஷன் மட்டும் போயிருந்தால் சனியன் விட்டது என்று இருந்திருப்பேன். குழந்தையையும் கொண்டுபோய்விட்டான்.

பெற்ற தாயை இங்கே விட்டுவிட்டு அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். நான் போன் செய்தால் என் மகள் எடுப்பதில்லை. அம்மாதான் ஊற்றினாள் என்று நம்புகிறாள். தோளில் தழும்போடு வளர்ந்தவளிடம் என்ன வாதாடுவது?

மோதிரவிரல் நகம் கறுத்துத் தடித்திருந்தது. சதையில் படாமல் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன்.

ஆரம்பத்தில் நேராகவே கேட்டுப் பார்த்தேன், அந்த வெந்நீர் ஞாபகம் இருக்கிறதா என்று. குளித்தாகிவிட்டது என்று பதில் சொன்னாள். அந்தச் சிரிப்பு வராத நகைச்சுவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு இப்போது யாரையும் தெரியாது. என்னை, நகம் வெட்ட இல்லத்தில் வைத்திருக்கும் ஆள் என்று நினைத்துக்கொள்கிறாள். அதுவும் ஒரு வசதிதான். மருமகளிடம் திறக்காத வாய் நகம் வெட்டுகிறவளிடம் திறந்துகொண்டது. பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை, சாப்பாட்டில் உப்பில்லாதது, போர்வையை மாற்றாத ஆயா என்று எல்லாக் கதையும் எனக்கு வரும்.

அன்றும் குறட்டையில்தான் தொடங்கினாள். நடுவில் குரலைத் தாழ்த்தினாள்.

"என் மருமக ஊத்தலைம்மா. பாத்திரம் என் கையிலேருந்துதான் நழுவிச்சு. என் பையன் என்னைக் கொன்னுடுவான்னு பயந்து, அவ மேல பழியப் போட்டுட்டேன்."

நகவெட்டி கீழே விழுந்தது.

அவள் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போனை எடுத்தேன். பதிவு செய்யும் பொத்தானைத் தட்டி அவள் வாயருகே பிடித்தேன். மறதிக்காரி பேச்சு கோர்ட்டில் செல்லாது. செல்லாவிட்டால் போகிறது. என் மகள் கேட்டால் போதும். பாட்டியின் குரல் அவளுக்குத் தெரியும்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

மாமியார் போனைப் பார்த்தாள். கதவுப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. தெரிஞ்சா அப்புறம் வரமாட்டா. என்னைப் பாக்க வர்றது அவ ஒருத்திதான்."

மறுபடி மறுபடி கேட்டேன். அவள் உப்பில்லாத சாப்பாட்டுக்குப் போய்விட்டாள்.

போனில் பதிவாகியிருந்தது அவள் என் காதோடு சொன்னது மட்டும்தான்.